வீடியோ கேமில் பெண்ணுக்கு என்ன வேலை?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடியோ கேம் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வசனங்கள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, "அது ஆம்பிளப் பொடியன்மார்ட விளையாட்டு." மற்றது, "இந்தக் கேம்தான் புள்ளைகளக் கெடுக்குது." காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் பேசுகிறவரின் வயதும் சமயமும் மாறலாம், வசனம் மாறாது. முதலாவது, விளையாடுகிறவர்களைப் பற்றிய முன்முடிவு. இரண்டாவது, விளையாட்டைப் பற்றிய முன்முடிவு. இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கப் போகிறோம். ஏனென்றால் இந்த இரண்டாலும் கடைசியில் போனைக் கீழே வைக்கவேண்டி வருவது பெரும்பாலும் பெண்பிள்ளைதான் என்று நான் நினைக்கிறேன். எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

வாழ்க்கையில் ஒரு கேம்கூட விளையாடாதவருக்கும் விளங்கவேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குவோம்.

அச்சுவார்ப்பு என்பது எது?

ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிக் காட்டுவதுதான் அச்சுவார்ப்பு. ஸ்டீரியோடைப் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண், பெண் என்ற அடிப்படையில் அது நடந்தால் பால்நிலை அச்சுவார்ப்பு. பெண் என்றால் காத்திருப்பாள், அழுவாள், அழகாக இருப்பாள். ஆண் என்றால் அடிப்பான், காப்பாற்றுவான், எதற்கும் பயப்படமாட்டான். ஒரு கதையில் ஒரு பெண் அழுவதில் எந்தப் பிழையும் இல்லை. நூறு கதைகளை எடுத்து வைத்தாலும் பெண்ணுக்கு அழுவதைவிட வேறு வேலை கிடைக்கவில்லை என்றால்தான் யோசிக்கவேண்டும். அதனால் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர் ஒரு தனிப் பாத்திரத்தின்மேல் குற்றம் சாட்டவில்லை, திரும்பத் திரும்ப வருகிற ஒரு வழக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறார். இணையத்தில் நடக்கிற சண்டைகளில் பாதி, இந்த வித்தியாசத்தை மறப்பதால் வருகிறவை.

படத்தைப் பார்க்கிறோம், கதையைப் படிக்கிறோம். கேமில் நாமே செய்கிறோம். விரல் அசைந்தால்தான் திரையில் இருக்கிற ஆள் ஓடுவார், பாய்வார், சுடுவார். ஆகவே கேமைப் பற்றிப் பேசும்போது உடுப்பையும் முகத்தையும் பார்ப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதில் செய்கிறவர் யார், யாருக்குச் செய்யப்படுகிறது?

நமக்குத் தெரிந்த கதை ஒன்றில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை படிப்பார்கள். அந்தக் கதையில் அரண்மனைக்குத் தனியே போவது கண்ணகி. நீதி கேட்பதும் சிலம்பை உடைத்துக் காட்டுவதும் அரசனைத் தோற்கடிப்பதும் கண்ணகிதான். கோவலனுக்கு அந்த இடத்தில் செய்ய ஒன்றும் இல்லை. அவனுக்குச் செய்யவேண்டிய அநியாயத்தைச் செய்து முடித்துவிட்டார்கள். இந்தக் கதையைக் கேமாக்கினால் பொத்தான்கள் எல்லாம் கண்ணகியின் பக்கம்தான் இருக்கும். சரி, இப்போது கதையைத் திருப்பிப் போடுங்கள். கண்ணகியைப் பாண்டியன் சிறையில் அடைத்துவிட்டான், கோவலன் மதில் மதிலாகத் தாண்டிப் போய் மீட்கிறான். பெயர்கள் அப்படியே இருக்கின்றன, வேலைகள் இடம் மாறிவிட்டன. வீடியோ கேம்களின் முதல் இருபது வருடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று இந்தத் திருப்பிப் போட்ட கதை.

விளையாட்டுக்குள் ஆண், பெண் கதை வருவது கணினியோடு வந்த பழக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். கொம்புகளைக் கோத்து இழுக்கிற நம்முடைய கொம்புமுறி விளையாட்டில் வடசேரி கோவலன் பக்கமாகவும் தென்சேரி கண்ணகி பக்கமாகவும் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். மனிதர் விளையாடுகிற எல்லாவற்றிலும் அவர்கள் நம்புகிற கதைகள் கலந்துதான் வரும்.

கோட்டைக்குள் இளவரசி

1981இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டொங்கி கொங்' என்ற கேமை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஷிகேரு மியமோட்டோ. ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் உச்சியில் ஏறிவிடும். ஒரு தச்சன் ஏணி ஏணியாக ஏறிப் போய் அவளை மீட்கவேண்டும். அந்தத் தச்சன்தான் பிறகு மாரியோ என்று உலகம் முழுக்கத் தெரிந்த ஆள். அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு பெயர்கூட இல்லை, 'லேடி' என்றுதான் குறிப்பிட்டார்கள். போலின் என்ற பெயர் பிறகு வந்தது. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இதையே பெரிதாக்கியது. ஒவ்வொரு கோட்டையையும் கஷ்டப்பட்டு முடித்தால், இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்று ஒரு வரி வரும். கடைசிக் கோட்டைவரை அவளைக் காணவே முடியாது. நம்முடைய கேள்வியைக் கேட்டால் பதில் தெளிவு. அவள் அந்தக் கதையில் ஆள் இல்லை, பரிசு.

இதைச் செய்தவர்கள் பெண்களை வெறுத்தார்கள் என்று சொல்வது நியாயமாக இருக்காது. சூப்பர் மாரியோ முழுவதும் சுமார் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய கேம். இன்றைக்கு நாம் போனில் எடுக்கிற ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு கதையை விளக்க முடியாது. எல்லோருக்கும் முன்னமே தெரிந்த கதை ஒன்று வேண்டும், வீரன் பெண்ணை மீட்பான் என்ற கதை கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அச்சுவார்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகின்றன. கெட்ட எண்ணம் தேவையில்லை, அவசரம் இருந்தால் போதும். ஆனால் கணினியில் இடம் தாராளமாகக் கிடைத்த பிறகும் அதே கதை தொடர்ந்ததுதான் கவலைக்குரிய விஷயம்.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1980இல் வந்த 'பேக்-மேன்' கேமை உருவாக்கிய தோரு இவாதானி, கேம் கடைகளுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று நினைத்துத்தான் சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை விளையாட்டின் மையமாக்கினார். 1982இல் அமெரிக்காவில் 'மிஸ் பேக்-மேன்' வந்தது. மஞ்சள் வட்டத்துக்கு ரிப்பன் கட்டி, உதட்டுச்சாயம் பூசிவிட்டார்கள். தோற்றம் அச்சில் வார்த்ததுதான். ஆனால் பேக்-மேன் செய்கிற எல்லாவற்றையும் அவளும் செய்தாள். தோற்றம் ஒன்று, வேலை வேறொன்று என்று பிரித்துப் பார்க்கப் பழக இது நல்ல உதாரணம்.

1986இல் வந்த 'மெட்ரொயிட்' இதற்கு எதிர்ப்பக்கம். முழுக் கவசம் போட்ட விண்வெளி வீரர் ஒருவராக விளையாடுவோம். கேமோடு வந்த ஆங்கிலக் கையேடு அவரை ஆண் என்றே எழுதியிருந்தது. வேகமாக முடித்தவர்களுக்குக் கடைசியில் கவசம் கழன்றது, உள்ளே இருந்தவர் சாமுஸ் ஆரன் என்ற பெண். அவ்வளவு நேரமும் தாங்கள் ஒரு பெண்ணாகச் சண்டை பிடித்திருக்கிறோம் என்று அறிந்து பொடியன்கள் திகைத்திருப்பார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அருமை. எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவளைக் காட்டினார்கள். விளையாடும்போது வீராங்கனை, முடிந்த உடனே பரிசு.

கேம் ஆண்பிள்ளைகளின் சாமான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு கடைக்கணக்கு இருக்கிறது. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் கேம் என்ற பேச்சையே கேட்க விரும்பவில்லை. 1985இல் அங்கே நுழைந்த நின்டெண்டோ தன் இயந்திரத்தைக் கூடவே ஒரு சின்ன ரோபோவையும் வைத்து விளையாட்டுப் பொம்மையாக விற்றது. பொம்மைக் கடையில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு தட்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒரு தட்டு. கேம் ஆண்பிள்ளைகளின் தட்டில் போய் உட்கார்ந்தது. விளம்பரங்களும் அவர்களை நோக்கியே போயின. 1989இல் வந்த கையடக்க இயந்திரத்தின் பெயரே 'கேம் போய்' (Boy, அதாவது பொடியன்). இதற்கெல்லாம் முன்பே ரொபேர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற கேமை உருவாக்கியிருந்தார், கரோல் ஷோ 1982இல் 'ரிவர் ரெய்ட்' எழுதியிருந்தார். கேம் செய்த பெண்கள் இருக்கும்போதே, கேம் பெண்களுக்கு இல்லை என்று விற்பனைத் தட்டு தீர்மானித்துவிட்டது. நம்ம ஊரில் இன்றைக்குச் சொல்லப்படுகிற அந்த முதல் வசனத்துக்கு இந்தத் தட்டும் ஒரு வேர். இயற்கை என்று நாம் நினைப்பது ஒரு வியாபார முடிவாக இருக்கலாம் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1996இல் 'டூம் ரெய்டர்' வந்தது. பழைய சமாதிகளுக்குள் தனியாகப் போய் ஆராய்கிற லாரா குரொஃப்ட் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வேலை என்று பார்த்தால் முழு மதிப்பெண். ஆனால் அவளுடைய உடலை வடித்த விதமும், விளம்பரங்களில் அவளைக் காட்டிய விதமும் வேறு கதை சொல்லின. ஆகவே நம்முடைய முதல் கேள்விக்குப் பக்கத்தில் இரண்டாவது கேள்வி ஒன்று வேண்டியிருக்கிறது. இவளை யாருடைய கண்ணுக்காக இப்படி வரைந்திருக்கிறார்கள்? ஒரே பாத்திரம் ஒரு கேள்வியில் தேறி மற்றதில் தோற்கலாம். 2013இல் அதே கேமைப் புதிதாக எடுத்தபோது ரியானா பிராட்செட் என்ற பெண் எழுத்தாளர் கதையை எழுதினார். லாராவின் உடலும் உடுப்பும் மலை ஏறுகிற ஒரு மனுசியுடையதாக மாறின.

இன்றைக்கு எப்படி இருக்கிறது?

முன்னேற்றம் உண்டு. 1983 முதல் 2014 வரை வந்த 571 கேம்களில் விளையாடக்கூடிய பெண் பாத்திரங்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016இல் வெளிவந்தது. உடலைக் காட்டி வரைகிற போக்கு 1990களில் உச்சத்தில் இருந்து, 2006க்குப் பிறகு குறைந்திருக்கிறது என்று அது கண்டது. ஆனால் முதன்மைப் பாத்திரமாகப் பெண் வருவது இன்னும் குறைவு என்றும் சொன்னது. 2023இல் வந்த வேறொரு ஆய்வு 50 கேம்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது. பெண் பாத்திரங்களைவிட ஆண் பாத்திரங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு பேசுகின்றன.

நம்ம பிள்ளைகள் விளையாடுகிற கேம்களுக்கு வருவோம். 'ப்ரீ பயர்' 2017இலிருந்து இருக்கிறது, சாதாரண போனிலும் ஓடும் என்பதால் இங்கே நன்றாகப் பரவியது. அதில் ஒலிவியா ஒரு நர்ஸ், கூட விளையாடுகிறவர்களின் உயிரைக் கூட்டுவதுதான் அவளுடைய திறமை. பராமரிப்பு பெண்ணின் வேலை என்ற பழைய அச்சு. அதே கேமில் மிஷா கார்ப் பந்தயக்காரி, நிக்கிட்டா மெய்க்காவலர், கெல்லி ஓட்டக்காரி. இவை பழைய அச்சுக்குள் அடங்காதவை. ஒரே கேமுக்குள் இரண்டும் இருக்கும். முழுக் கேமையும் நல்லது, கெட்டது என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாததற்கு இதுவே காரணம். டயமண்ட் என்ற கேம் காசு கொடுத்து வாங்குகிற உடுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் உடுப்பில் கவசம் எங்கே இருக்கிறது, பெண் உடுப்பில் எங்கே இல்லை என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையாலும் சொல்ல முடியும்.

பெண் பாத்திரத்தை எடுத்து விளையாடுகிற பொடியன்கள் நிறையப் பேர். கூத்தில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதைப் பரம்பரையாகப் பார்த்து வந்த ஊர் இது. அதனால் வேடம் மாறுவது இங்கே யாருக்கும் பெரிய புதினம் இல்லை. இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கல்லடிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் அதை அடிக்கடி காண்கிறேன். விளையாடுகிற பெண்பிள்ளைகள் மைக்கைப் போடுவதில்லை. ஐடியிலும் பொடியன் மாதிரி ஒரு பெயர். கேட்டால், "குரல் கேட்டா உடனே தொடங்கிருவாங்க, டீச்சர்" என்கிறார்கள். இது மட்டக்களப்பின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 'ஹேலோ 3' கேமில் செய்த ஓர் ஆய்வில், முன்னமே பதிவுசெய்த அதே வசனங்களை ஒருமுறை ஆண் குரலிலும் ஒருமுறை பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். பெண் குரலுக்கு வந்த மோசமான பதில்கள் மூன்று மடங்கு. திரைக்குள் இருக்கிற பெண் துப்பாக்கியோடு ஓடுகிறாள், திரைக்கு வெளியே இருக்கிற பெண் வாயை மூடிக்கொள்கிறாள். கேம் செய்த நிறுவனம் எவ்வளவு நல்ல பாத்திரத்தை வரைந்தாலும் இந்த இடத்தை அது மாற்றாது. இங்கே அச்சுவார்ப்பைச் செய்கிறவர்கள் கூட விளையாடுகிறவர்கள்.

விமர்சிக்கிறவர்கள் கேமை எப்படிக் காட்டுகிறார்கள்?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்பட்ட பெயர் அனிட்டா சர்கீசியன். கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஒரு வீடியோத் தொடர் செய்ய 2012இல் இணையத்தில் 6,000 டொலர் கேட்டார். கிடைத்தது 158,000 டொலருக்கு மேல். தொடர் 2013 மார்ச்சில் தொடங்கியது. முதல் பகுதி, மீட்கப்படக் காத்திருக்கிற பெண்ணைப் பற்றியது. அதில் அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று மறக்க முடியாதது. கிரிஸ்டல் என்ற பெண் பாத்திரம் தானே வீராங்கனையாக வரும்படி 'டைனோசர் பிளனெட்' என்று ஒரு கேம் தயாராகிக்கொண்டிருந்தது. இடையில் திட்டம் மாறி, 2002இல் 'ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்' என்று வெளிவந்தபோது, அந்தக் கிரிஸ்டல் ஒரு படிகத்துக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறாள், ஆண் நாயகன் ஒருவன் வந்து மீட்கிறான். செய்கிறவள் செய்யப்படுகிறவளாக மாறிய கதையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தத் தொடருக்காக அவருக்கு வந்த மிரட்டல்கள் கொடூரமானவை. 2014 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்த கூட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடத்தப்போவதாக மிரட்டல் வந்தது. மண்டபத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று சொன்னதால் அவர் கூட்டத்தை ரத்துச் செய்தார். கேம்கள் எல்லாம் கெட்டவை என்று அவர் சொல்லவில்லை. ஒன்றை ரசித்துக்கொண்டே அதன் குறையையும் பேசலாம் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு. இதைக் கேட்காமலே அவரைக் கேமின் எதிரி என்று எழுதியவர்கள் ஆயிரம் பேர்.

ஆனால் அவர் சொன்ன எல்லாமே சரி என்று ஏற்கத் தேவையில்லை. 'ஹிட்மேன்: அப்சலூஷன்' என்ற கேமை எடுத்து, அதில் நடனக்காரப் பெண்களை விளையாடுகிறவர் தாக்கவும் உடலை இழுத்துச் செல்லவும் முடிகிறது என்று காட்டினார். விளையாடியவர்கள் உடனே எதிர்த்தார்கள். அந்தக் கேமில் சம்பந்தமில்லாத ஆட்களைக் கொன்றால் புள்ளி குறையும், கேம் அதைத் தண்டிக்கிறது என்றார்கள். இந்த எதிர்வாதம் பலமானது. கேமில் ஒரு செயல் முடியும் என்பது ஒன்று, கேம் அதைச் செய்யச் சொல்கிறது என்பது வேறு. புள்ளி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்க்காமல் ஒரு காட்சியை மட்டும் வெட்டிக் காட்டினால் கேமின் பாதிதான் தெரியும். அதே நேரம் எதிர்த்தவர்கள் தொடாமல் விட்ட கேள்வி ஒன்றும் மிஞ்சுகிறது. அந்த மேடையில் அந்தப் பெண்களை ஏன் அலங்காரப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தார்கள்? புள்ளிக் கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. என் கணிப்பில் அவருடைய உதாரணம் தளர்வானது, கேள்வி சரியானது.

இதைவிட மோசமாகக் கேமைக் காட்டியவர்கள் உண்டு. 1993 டிசெம்பரில் அமெரிக்க செனட்டில் வன்முறைக் கேம்கள் பற்றி விசாரணை நடந்தது. 'மோர்ட்டல் கொம்பட்' என்ற சண்டைக் கேமோடு சேர்த்து 'நைட் ட்ரெப்' என்ற கேமையும் தூக்கிப் பிடித்தார்கள். இளம்பெண்களைப் பிடிப்பதும் கொல்வதும்தான் அதன் நோக்கம் என்பதுபோலப் பேச்சு போனது. உண்மையில் வீட்டுக்குள் புகுகிற ஆபத்தான உருவங்களிடமிருந்து அந்தப் பெண்களைக் காப்பாற்றுவதுதான் விளையாடுகிறவரின் வேலை. தோற்றால்தான் அந்தப் பயங்கரக் காட்சி வரும். நோக்கமே தலைகீழாகிவிட்டது. அந்த விசாரணையின் அழுத்தத்தில்தான் 1994இல் கேம்களுக்கு வயது முத்திரை குத்துகிற அமைப்பு அமெரிக்காவில் உருவானது, அது நல்ல விளைவுதான். ஆனால் இதில் கவனிக்கவேண்டியது, இரவுடுப்போடு ஒரு வீட்டில் காப்பாற்றக் காத்திருக்கிற பெண்கள் கூட்டம் என்ற உண்மையான அச்சுவார்ப்பு அந்தக் கேமில் இருந்தது. பிழையான குற்றச்சாட்டின் சத்தத்தில் சரியான குற்றச்சாட்டு அமுங்கிப்போனது.

2008இல் இன்னொன்று நடந்தது. 'மாஸ் எஃபெக்ட்' என்ற கேமைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில், அதில் ஓர் ஆண் எத்தனை பெண்களோடும் இருக்கலாம் என்று முடிவெடுக்கிறான், பெண்கள் வெறும் பொருள்கள் என்று ஓர் உளவியல் எழுத்தாளர் பேசினார். நீங்கள் இதை விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டதும், இல்லை என்றார். அந்தக் கேமில் நாயகனுக்குப் பதிலாக நாயகியைத் தெரிவுசெய்யலாம், கப்பலை நடத்துகிற தளபதி அவளே. விளையாடுவதைப் பிறகு பார்த்த அந்த எழுத்தாளர், தான் பேசியதற்காக வருத்தப்படுவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் விவாதத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தச் செய்தியைப் படித்திருக்கமாட்டார்கள்.

இப்படிப்பட்ட விமர்சனங்களில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். கேமை ஒரு நிற்கிற படமாகப் பார்ப்பது. கையில் எடுத்து விளையாடினால் என்ன செய்யச் சொல்கிறது, எதற்குப் புள்ளி தருகிறது, எதைத் தெரிவுசெய்ய விடுகிறது என்று பார்ப்பதே இல்லை. அதன்மேல், கேம் விளையாடுகிறவன் என்றால் இருட்டறையில் குந்தியிருக்கிற ஒரு கோபக்காரப் பொடியன் என்ற சித்திரத்தையும் சேர்த்து வரைகிறார்கள். அமெரிக்காவில் விளையாடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள் என்று அங்கத்தைய கேம் தொழில் சங்கத்தின் கணக்கெடுப்புகள் பல வருடங்களாகச் சொல்லி வருகின்றன. அந்தப் பாதியை அழித்துவிட்டு வரைகிற சித்திரமும் ஒரு பால்நிலை அச்சுவார்ப்புத்தான். பெண்களுக்காகப் பேசுகிறேன் என்று தொடங்கியவரே பெண்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறார்.

சரி, கேமில் வருகிற அச்சுவார்ப்பு விளையாடுகிறவரின் மனதை மாற்றுமா? ஜேர்மனியில் 824 பேரை மூன்று வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. கேம் விளையாடும் அளவுக்கும் பெண்களைத் தாழ்வாக நினைப்பதற்கும் தொடர்பு இல்லை என்றது. 2017இல் பிரான்சில் 13,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் செய்த ஆய்வு, சிறிய தொடர்பு இருக்கிறது என்றது. ஆனால் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டு எடுத்த கணக்கில், எது காரணம் எது விளைவு என்று பிரிக்க முடியாது. ஆகவே கேம் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று அடித்துச் சொல்கிறவருக்கும், கேமுக்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவருக்கும் கையில் போதிய சான்று கிடையாது. எனக்கு இதில் பெரிய தடுமாற்றம் இல்லை. ஒரு கதை பெண்ணுக்கு வேலை கொடுக்காவிட்டால் அது குறைபட்ட கதை. அது ஒருவரைக் கெடுக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் குறை சொல்லவேண்டும் என்று இல்லை.

நம்ம வீட்டில்

2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் சூமுக்கும் வட்ஸ்அப் பாடத்துக்கும் என்று பிள்ளைகளின் கைக்குப் போன் வந்தது. பாடத்தோடு கேமும் வந்தது. அண்ணனும் தங்கையும், நானாவும் தங்கச்சியும் ஒரே போனில் மாறி மாறி விளையாடிய வீடுகள் பல. அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தது. கேம் கெடுக்குது என்று ஊரில் பேச்சு எழுந்தபோது, அண்ணனிடம் "கொஞ்சமா விளையாடு" என்றார்கள், தங்கையிடம் "உனக்கென்னத்துக்குப் புள்ள இது" என்று வாங்கி வைத்தார்கள். இரண்டு வசனங்களும் சந்திக்கிற இடம் இதுதான். கேம் கெட்டது என்ற வசனம் இருவருக்கும் பொதுவாகத்தான் சொல்லப்படுகிறது. கேம் ஆண்பிள்ளையுடையது என்ற வசனம் பக்கத்தில் நிற்பதால், தண்டனை மட்டும் ஒருத்திக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கிறவர்கள். தாய்வழிக் குடி பார்க்கிற வழக்கம் உள்ள சமூகம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் பொழுதுபட்ட பிறகு மைதானமும் சந்தியும் கடற்கரையும் பொடியன்களுடையவை. அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து ஊர் ஊராகப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட ஒரு வழி கிடைத்தால், அது அவளுக்குத்தான் அதிகம் பயன்படும். கேமைப் பற்றிய மேம்போக்கான பழிப்பு எனக்கு ஏன் இவ்வளவு கவலை தருகிறது என்று இப்போது விளங்கும். தெரியாத ஆளோடு மைக்கில் பேசுவது, இரவு விழித்திருப்பது, காசு கட்டுவது என்று பெற்றோர் பார்க்கவேண்டிய விஷயங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றை அண்ணனிடமும் பார்க்கவேண்டும்.

இரண்டு கேம்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்தியாவின் பூனேயில் உருவாகி 2020இல் வந்தது 'ராஜி'. கூத்தாடிக் குடும்பத்துப் பெண் ராஜி, அசுரர்கள் தூக்கிப்போன தன் தம்பி கோலுவை மீட்கப் போகிறாள். கோட்டைக்குள் இருப்பது தம்பி, மதில் தாண்டுவது அக்கா. நம்முடைய முதல் கேள்விக்கு இது நேரடியான பதில்.

மற்றது 'வெண்பா', 2023இல் கனடாவின் டொரொன்டோவில் தமிழர் கையால் உருவானது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு கொடுக்கிற சிறந்த அறிமுகக் கேம் விருதை வென்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் குறிப்புகளைப் பார்த்து இட்லியும் பிட்டும் இன்னும் பலவும் சமைக்கிறாள். முதல் பார்வைக்கு இதுதான் பழைய அச்சு. அம்மா, அடுப்படி. ஒரு படத்தை மட்டும் பார்த்து எழுதுகிற விமர்சகர் அதோடு நிறுத்திவிடுவார். விளையாடினால் வேறு விஷயம் தெரியும். முடிவுகள் அவள் கையில் இருக்கின்றன. மகன் தமிழை விட்டு விலகும்போது என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவள்தான் தீர்மானிக்கிறாள். அவளுடைய சமையல், யோசித்துச் சரிசெய்யவேண்டிய ஒரு வேலையாக வருகிறது, பின்னணி அலங்காரமாக இல்லை. பிற்பகுதியில் அந்த அடுப்படிக்கு மகன் கவினும் வருகிறான். இருந்தாலும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி உலகம் அறிந்த கேம் அடுப்படியிலிருந்துதானா தொடங்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியையும் நான் தள்ளமாட்டேன். என் பதில், தொடங்கலாம் என்பது. வேறு பதில் வைத்திருக்கிற ஒரு பெண்பிள்ளையோடு வாதாட ஆசையாக இருக்கிறது.

'வெண்பா'வை விளையாடி முடிக்க இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது. உம்மாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்தால் நல்லது. பிட்டுக் குழலுக்குள் எதை முதலில் போடுவது என்று கேம் கேட்கும்போது மகளுக்குத் தெரியாமல் போகலாம், அவர்களுக்குத் தெரியும்.